சராசரியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிசியசின் ஆரம்பப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம். ரோஸ் ஹில் பள்ளி ஒன்றில் 25 பிள்ளைகள் தமிழ்த் தேர்வு எழுதி, சராசரி 54, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒப்பிட வேண்டிய சராசரி 50. கூடுதலாக வந்த 4 மதிப்பெண் தற்செயலா, இல்லையா?

கருதுகோளிலேயே சறுக்கல் தொடங்குகிறது. “மாதிரிச் சராசரி 50” என்று பலர் எழுதுகிறார்கள். அது 54 என்றுதான் தெரிந்துவிட்டதே! இந்தப் பிள்ளைகள் எந்த முழுமைத்தொகுதியிலிருந்து (பெருங்கூட்டத்திலிருந்து) வந்தார்களோ, அதன் சராசரி 50 என்பதே இன்மைக் கருதுகோள், அதாவது ‘வேறுபாடு இல்லை’ என்று வைத்துச் சோதிக்கும் கூற்று.

4ஐ நேரே 10ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.4 விளைவின் அளவு. வேறுபாடு திட்டப் பிழையைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் டி மதிப்பு அல்ல. 10ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுத்தால், மாதிரிச் சராசரி எவ்வளவு தடுமாறும் என்று காட்டும் திட்டப் பிழை 2. 4ஐ அந்த 2ஆல் வகுக்க, டி = 2.0. திட்ட விலக்கம் காணும்போது வகுஎண் 24, 25 அல்ல. எக்செலில் ‘எஸ்’ என்று முடியும் சூத்திரத்தையே எடுங்கள், ‘பி’ வேண்டாம்.

அதிகம் பேர் கவிழ்வது அடுத்த படியில். 2.0ஐ இயல்நிலைப் பரவலின் 5 சதவீத எல்லையான 1.96உடன் ஒப்பிட்டு “முன்னேற்றம் உறுதி” என்று எழுதிவிடுகிறார்கள். 1.96 முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கம் தெரிந்திருந்தால்தான் பொருந்தும். இங்கே அதையும் மாதிரியிலிருந்தே மதிப்பிடுகிறோம். அந்தத் தடுமாற்றத்துக்கு ஈடுகட்டத்தான் புள்ளியியலர் வில்லியம் கோசெட் 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வழி சொன்னார். கட்டின்மைக் கூறுகள் (மாதிரி அளவில் ஒன்று குறைவு) 24க்கு, கூடுதல், குறைவு என இரு திசையையும் பார்க்கும் 5 சதவீத இருமுனைச் சோதனையின் எல்லை 2.064. நம் 2.0 அதை எட்டவில்லை. உடனே ஒருமுனைச் சோதனைக்குத் தாவி 1.711ஐத் தாண்டிவிட்டதாகக் காட்டுவது முறையல்ல. மதிப்பெண்ணைப் பார்த்தபின் திசையைத் தேர்ந்தால், 5 சதவீதம் என்று எழுதிய பிழை வாய்ப்பு உண்மையில் 10 ஆகிவிடும்.

இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை என்பதால் சராசரி 50தான் என்று நிரூபணமும் ஆகாது. உண்மைச் சராசரி இருக்கக்கூடிய வரம்பைக் காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 49.87 முதல் 58.13 வரை, 50 போலவே 57உம் அதற்குள் இருக்கிறது. அறிக்கையில் இந்த இடைவெளியை அவசியம் கொடுங்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது மாதிரியின் தரம். மாலை வகுப்புக்கும் போகும் பிள்ளைகள் மட்டுமே எழுதியிருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தும் இருக்கும். வகுப்புக்குள் ஒட்டுறவு (மதிப்பெண்கள் ஒத்துப்போகும் அளவு) 0.1 என்றால், நாலு பள்ளிகளில் 25 பேர் வீதம் எடுத்த 100 பேர் ஏறக்குறைய 29 பேருக்குரிய தகவலையே தருவார்கள். அதே 100 பேரை 20 பள்ளிகளில் ஐந்தைந்தாக எடுத்தால் அது 71 ஆகும்.