ரக்பி வரலாறு எழுதுபவர்கள் வழுக்கும் இடங்கள்

விளையாட்டு வரலாறு எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆண்டு மாறிப்போவது, பெயர் பிழையாவது எல்லாம் பெரிய விஷயமில்லை, திருத்திவிடலாம். நியூசிலாந்து ரக்பியை எழுதும்போது வரும் சில பிழைகள் கட்டுரையையே கவிழ்த்துவிடும்.

"அந்தக் காலத்தில் யாரும் காசுக்கு ஆடவில்லை"

இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒருவர் நியூசிலாந்து அணியின் 1905 பிரிட்டன் பயணம் பற்றிய நீண்ட கட்டுரையை இதை நம்பியே எழுதியிருந்தார். பாதியைத் தூக்கிவிட்டு மறுபடி எழுதவைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் ஆல் பிளாக்ஸ் (கறுப்பு உடை அணியும் நியூசிலாந்து தேசிய அணி) வீரர்களுக்கு நாளுக்கு 3 ஷில்லிங் படி உண்டு. ஸ்காட்லாந்தில் ரக்பியை நடத்தும் அமைப்பான யூனியனுக்கு அது பொறுக்கவில்லை. 1908-ல் அதே படியோடு வந்த ஆஸ்திரேலிய அணியுடன் ஆடவே மறுத்துவிட்டது.

காசு எப்போதும் இருந்தது, அது யார் கைக்குப் போகலாம் என்பதில்தான் சண்டை. 1893-ல் வட இங்கிலாந்து கிளப்புகள் சம்பளம்கூடக் கேட்கவில்லை. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் வீரர்கள் இழக்கும் கூலியைத்தான் கேட்டன. இங்கிலாந்து யூனியனின் கூட்டத்தில் 282-க்கு 136 வாக்கு என்று அந்தக் கோரிக்கை தோற்றது. 1895-ல் அந்த கிளப்புகள் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடி, யூனியனைவிட்டே பிரிந்துபோயின. காசு வாங்காமல் ஆட வேண்டும் என்ற அமெச்சூர் விதியால் வக்கீலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சுரங்கத் தொழிலாளி வீட்டில்தான் உலை கொதிக்காது.

நியூசிலாந்திலும் அதே கதை. 1905 பயணத்தின் லாபம் யூனியனுக்குப் போனது. 1907-ல் வெலிங்டன் அஞ்சல் குமாஸ்தா ஆல்பர்ட் பாஸ்கர்வில், ஆளுக்கு 50 பவுண்டு முதல் போடவைத்து, லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் அணியைக் கிளப்பினார். யூனியன் அவருக்குத் தடை போட்டது. சிட்னிப் பத்திரிகை, ஆல் பிளாக்ஸ் பெயரைத் திரித்து, 'ஆல் கோல்ட்ஸ்' (எல்லாம் தங்கம்) என்று அந்த அணியைக் கேலி செய்தது. அதே ஆண்டு சிட்னியிலேயே, யூனியனைவிட்டுப் பிரிந்த ரக்பி லீக் அமைப்பு உருவானது. (கிரிக்கெட் ரசிகர்களுக்கு: அதன் முதல் பொருளாளர் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் விக்டர் ட்ரம்பர்.)

அடிமை நாடு எஜமானை வென்ற கதை

1911-ல் கல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து அணி பிரிட்டிஷ் ராணுவ அணியை வென்றதை மனதில் வைத்துக்கொண்டு 1905 பயணத்தை எழுதாதீர்கள். 35 ஆட்டங்களில் 34 வெற்றி என்றதும் நியூசிலாந்தில் பொங்கியது, தாங்கள் இன்னும் திடமான பிரிட்டிஷார் என்ற குடியேறிகளின் பெருமை. கேப்டன் டேவ் கலஹர் அயர்லாந்தில் பிறந்தவர், பேரரசுக்காகத் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனவர், 1917-ல் பெல்ஜியத்தில் போரிலேயே இறந்தவர்.

கறுப்புச் சட்டை 1905-ல் வந்தது

இல்லை. 1888-89-லேயே ஜோ வார்ப்ரிக் தலைமையில் பெரும்பாலும் மாவோரிகள் (நியூசிலாந்தின் பூர்வகுடிகள்) கொண்ட அணி அதைப் போட்டுக்கொண்டு பிரிட்டனில் 74 ஆட்டங்கள் ஆடிவிட்டது.

பாப் டீன்ஸின் ட்ரை

1905 பயணத்தின் ஒரே தோல்வி, கார்டிஃபில் வேல்ஸிடம் 3-0. அதில் நியூசிலாந்து வீரர் டீன்ஸ் ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டாரா இல்லையா என்பது தீராத வாதம். அதில் நீங்கள் நடுவர் வேலை பார்க்க வேண்டாம்.