எல்லாமே வெள்ளி இல்லை: வானத்து விநோதங்களுக்கு விளக்கம் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

"வானத்துல ஏதோ தெரிஞ்சுது, என்னன்னு சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால், தொலைநோக்கி வாங்கிச் சில மாதங்களே ஆனவர்கள்தான் முதலில் பதில் சொல்கிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன அதே தப்பான பதில்கள். விமானத்தின் விளக்கையும் ட்ரோனையும் பற்றி இங்கே எழுதவில்லை. அவை போகப்போகத் தானாகப் பிடிபடும்.

கேட்ட மாத்திரத்தில் "வெள்ளி" என்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். நிலாவுக்கு அடுத்தபடி இரவில் பளிச்சென்று தெரிவது வெள்ளிக் கோள் என்பதால், பல நேரம் இந்தப் பதில் சரியாகவே அமைந்துவிடும். அப்புறம் அதுவே பழக்கமாகிவிடுகிறது.

வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. நம் ஊரில் சூரியன் மறைந்தபின் அதிகம் போனால் மூன்று மணி நேரம் சொச்சம் தெரியும். இல்லையென்றால் விடியலுக்கு முன் அதே அளவு நேரம். இரவு பதினொன்றரைக்கு உச்சந்தலைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒருவரிடம், எங்களோடு வரும் தம்பி ஒருவர் "வெள்ளிதான் சார்" என்று அடித்துச் சொன்னார். அது வியாழன். மறுநாள் அந்த மனிதர் மாலையில் மேற்கே வெள்ளியையும் இரவில் உச்சியில் வியாழனையும் தானே பார்த்துவிட்டார். இனி அவர் எங்களிடம் எதையாவது கேட்பாரா?

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. ஜிம்மி கார்ட்டர், அமெரிக்க அதிபர் ஆவதற்கு முன், ஜார்ஜியா மாநிலத்தின் லியரி என்ற ஊரில் நிறம் மாறும் ஒளி ஒன்றைப் பார்த்தார். 1973-இல் எழுதிக் கொடுத்த அறிக்கையில் அதை 1969 அக்டோபர் என்று குறித்தார். அன்று அவர் பேச வந்திருந்த லயன்ஸ் சங்கத்தின் பதிவுகளைத் தேடிய பிறகுதான் அது அதே ஆண்டு ஜனவரி 6 என்று தெரிந்தது. அன்று மாலை மேற்கே வெள்ளி இருந்தது, அவ்வளவுதான், கேஸ் முடிந்தது என்றார்கள். ஒளி நெருங்கி வந்து விலகியது, நிறம் மாறியது என்று அவர் எழுதியதை யாரும் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதே மாலையில் புளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்திலிருந்து போன ராக்கெட் ஒன்று உயரத்தில் பேரியம் மேகத்தை (வெயில் பட்டால் நிறத்தோடு ஒளிரும் உலோக ஆவி) விட்டது தெரியவந்தது. அவர் எழுதியதற்கு அதுதான் நன்றாகப் பொருந்துகிறது. வெள்ளி அன்று வானில் இருந்தது என்பதற்காக, அவர் பார்த்தது வெள்ளி என்று ஆகிவிடாது.

ஆகவே முதலில் தேதி, மணி, திசை, எத்தனை நேரம் தெரிந்தது என்று கேளுங்கள். உயரத்துக்கு, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. அதன்பிறகு, எந்த நேரத்தில் வானில் எது எங்கே இருந்தது என்று காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியைத் திறக்கலாம்.

எரிகல் என்று முடிவு கட்டுவது

எரிகல் குறைந்தது நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும். பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் காரியம் முடிந்துவிடும். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் தெரிந்த ஒளிக்கீற்றுகள் வானத்தின் குறுக்கே நிதானமாக ஊர்ந்தன. எரிகல் மழை என்று பலரும் சொல்லிவிட்டார்கள். அது சீன ராக்கெட்டின் ஒரு பகுதி, காற்றுமண்டலத்தில் நுழைந்து எரிந்துகொண்டிருந்தது. சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே விழுந்து கிடந்தது.

ஒரே வரிசையில் போகும் விளக்குகள்

ஸ்டார்லிங்க், அதாவது ஸ்பேஸ்எக்ஸ் கூட்டமாக ஏவும் இணையச் செயற்கைக்கோள்கள்.

ஜூம் செய்த வீடியோவை நம்புவது

மரமோ மொட்டைமாடிச் சுவரோ தெரியாத வீடியோவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஃபோகஸ் தவறினால் எந்த நட்சத்திரமும் தட்டுதான்.

"தெரியவில்லை" என்று சொல்லக் கூச்சப்படுவது

கூச்சம் வேண்டாம்.

ராக்கெட்டை மறந்துவிடுவது

தரையில் இருட்டியபிறகும் உயரே வெயில் இருக்கும். அந்தி நேரத்தில் ராக்கெட் புகை அங்கே போய் மின்னும். சென்னை, திருவள்ளூர் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் தேதியை முதலில் பாருங்கள். ஏவுகணைச் சோதனைக்கு அப்படி அட்டவணை கிடையாது. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கமே அண்ணாந்து பார்த்தது அக்னி-5 சோதனையைத்தான். ஆனால் அன்று வங்கக் கடலின் மேல் விமானங்கள் போகக் கூடாது என்று நோட்டாம் அறிவிப்பு முன்கூட்டியே வந்திருந்தது. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.