கரி எஞ்சின் மாடல் செஞ்சு அதை ஓடின வண்டி மாதிரி அழுக்காக்குறது எப்படி

நான் முதல்ல செஞ்ச ஒய்பி (YP)ங்கற மீட்டர் கேஜ் கரி எஞ்சின் மாடலுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் துரு கலர் அடிச்சு வச்சிருந்தேன், பாக்குறவங்க எல்லாம் சூப்பர்னாங்க. மீட்டர் கேஜ் காலத்துல எஞ்சின்ல கரி அள்ளிப் போடுற ஃபயர்மேனா இருந்த எங்க பெரியப்பா மட்டும் கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு "தம்பி, இது ஸ்கிராப்புக்கு போன வண்டிடா, ஓடுற வண்டில ரெண்டு பேரு தினம் எண்ணெய் விடுவோம், துடைப்போம், எங்க துரு புடிக்கும்"னு கேட்டாரு. அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வந்துருச்சு, எந்த கறை வச்சாலும் இது எதனால வந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிப்பேன், சொல்ல முடியலன்னா வைக்கமாட்டேன். கீழ எழுதிருக்கறது எல்லாம் அந்த கணக்குலதான்.

முதல்ல ஸ்கேல். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை லைன் பிராட்கேஜ் ஆகுறதுக்கு முன்னாடி மீட்டர் கேஜ், ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர். மாடல் உலகத்துல 45 மில்லிமீட்டர் தண்டவாளம் சுலபமா கிடைக்கும், அதுல 1:22.5 அளவுல, அதாவது நிஜ வண்டில 22.5 மில்லிமீட்டர் மாடல்ல 1 மில்லிமீட்டர்னு செஞ்சா கிட்டத்தட்ட அப்படியே மீட்டர் கேஜ் வந்துரும். இடம் இல்லாதவங்க 1:87ல 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துல செய்யலாம், ஆனா ஒய்பியோட பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர், அது 1:22.5ல 61 மில்லிமீட்டர் வரும், 1:87ல 16 கூட வராது, ஆவி விடுற வால்வை ஆட்டுற குட்டி ராடுங்க (வால்வு கியர்) எல்லாம் கையால செய்யணும்னா கண்ணு போயிரும். முதல் தடவைன்னா பெருசாவே செய்ங்க.

ஒய்பி பாசஞ்சர் வண்டிக்கு வந்த எஞ்சின், முன்னாடி நாலு சின்ன சக்கரம், நடுவுல ஆறு பெரிய சக்கரம், டிரைவர் நிக்கிற கேபுக்கு அடியில ரெண்டு. 1949லேர்ந்து வெளிநாட்டுல செஞ்சு வந்துச்சு, பிறகு ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ கம்பெனிலயும் செஞ்சாங்க. போட்டோ எடுக்க பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்து மியூசியம், திருச்சி ரயில் மியூசியம் மாதிரி இடத்துக்கு போங்க, ஆனா அங்க நிக்கிற எஞ்சினுக்கு எல்லாம் பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பைப் எங்க போகுது போல்ட் எத்தனைங்கறதுக்கு மட்டும் அதை நம்புங்க. அழுக்கு பாக்கணும்னா மேட்டுப்பாளையம் குன்னூர் வண்டி போய் பாருங்க, அதுவும் மீட்டர் கேஜ் ஸ்டீம்தான், இப்ப பெரும்பாலும் ஆயில்ல ஓடுறதால கரித்தூள் சாம்பல் இருக்காது, எண்ணெயும் ஆவியும் படுற எடத்தை நல்லா கத்துக்கலாம்.

பாய்லருக்கு பிவிசி பைப் போதும். டிராயிங்ல வர்ற விட்டத்தை விட ஒரு சைஸ் கம்மியான பைப் வாங்கி மேல மெல்லிசு பித்தளை தகடோ அட்டையோ சுத்திருங்க, நிஜ எஞ்சின்லயும் பாய்லருக்கு மேல சூடு காக்குறதுக்கு ஒரு தகடு சுத்திதான் இருக்கும். முன்னாடி சிம்னிக்கு அடியில இருக்கற ஸ்மோக்பாக்ஸுக்கு (புகைப்பெட்டிக்கு) அந்த சுத்து கிடையாது. இதை இப்பவே மனசுல வச்சுக்கங்க, கலர் அடிக்கும்போது வேணும். பைப்பை உப்புத்தாள் போட்டு தேய்க்காம பெயிண்ட் அடிச்சா நகத்தால உரிஞ்சு வந்துரும்.

கேபும், பின்னாடி கரியும் தண்ணியும் வைக்கிற டெண்டரும் 0.5 மில்லிமீட்டர் பித்தளை தகடு. நம்ம பக்கம் ஒரு வசதி, ஆசாரி தெருவுல அரம், சாமணம், சின்ன ரம்பம் எல்லாம் நல்ல தரத்துல கிடைக்கும், வேலையும் பக்கத்துல உக்காந்து பாக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், ஆசாரிங்க போடுற வெங்காரம் வெள்ளி வச்சு பத்தவைக்கறதுக்குத்தான், அது உருகவே எக்கச்சக்க சூடு வேணும். நாம வைக்கிறது ஈயம் கலந்த சோல்டர், அதுக்கு ஃப்ளக்ஸ் பேஸ்ட் (சோல்டர் நல்லா ஒட்டறதுக்கு தடவுறது) தனியா வாங்குங்க. பெரிய துண்டை முதல்ல ஒட்டிட்டு சின்னதை கடைசில ஒட்டுங்க, ஏற்கனவே ஒட்டுன எடத்துல ஈரப் பஞ்சு வச்சா அது விட்டுப் போகாது. முடிஞ்சதும் புளி போட்டு விளக்குங்க, எங்க அப்பத்தா குத்துவிளக்கு தேய்க்கற அதே மாதிரிதான், ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தா ஆறு மாசத்துல பெயிண்டுக்கு அடியிலேர்ந்து பச்சையா கிளம்பும். நல்ல தண்ணில ரெண்டு தடவை அலசி காய வைங்க.

ரிவெட்டுக்கு தகட்டை வளைக்கறதுக்கு முன்னாடியே பின்பக்கம் கோடு போட்டு, ஒரு மரத்துண்டு மேல வச்சு மொன்னை ஊசியால ஒரே அளவு அழுத்தி அழுத்தி வரணும். சலிப்பா இருக்கும், அவசரப்பட்டா கோணும், கோணிப்போன ரிவெட் வரிசை எவ்வளவு பெயிண்ட் அடிச்சாலும் தெரியும்.

சக்கரம்தான் பெரும்பாலானவங்க மாட்டுற எடம். ஒரு பக்கத்து கிராங்க் பின் (சக்கரங்களை இணைக்கிற ராடு மாட்டுற ஆணி) மேல இருந்தா அடுத்த பக்கத்துது கால் சுத்து தள்ளி, அதாவது 90 டிகிரில இருக்கணும், மூணு ஜோடியும் ஒரே மாதிரி. கொஞ்சம் மாறினாலும் ராடு இறுகும். முதல்ல ரெண்டு ஜோடி மட்டும் ராடு மாட்டி உருட்டுங்க, அப்புறம் மூணாவதை சேருங்க, எந்த ஜோடில மாட்டுதுன்னு தெரிஞ்சிரும். ராடு ஓட்டை பின்னை விட ஒரு மயிரிழை பெருசா இருக்கட்டும். பெயிண்டுக்கு முன்னாடி கையால தள்ளி அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்க.

பெயிண்ட் காலைல ஏழு எட்டு மணிக்குள்ள அடிச்சிருங்க. சித்திரை வைகாசில நம்ம ஊர் மத்தியான வெயில்ல ஸ்ப்ரே பண்ணா பெயிண்ட் தகட்டுல படுறதுக்குள்ளயே காய்ஞ்சு மாவு மாதிரி ஒட்டும், ஐப்பசி மழைல அடிச்சா வெள்ளை பூத்துரும். பித்தளைக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தை கவ்விப் புடிக்கற அடிப்பூச்சு) கட்டாயம். சுத்தக் கறுப்பு வேண்டாம், சின்ன உருவத்துல சுத்தக் கறுப்பு பொம்மை மாதிரி தெரியும், கொஞ்சம் சாம்பல் கலந்துக்கங்க. ஸ்மோக்பாக்ஸ் சூடு நேரா வாங்குற எடம், பெயிண்ட் வெந்து வெளுத்துருக்கும், அதுக்கு இன்னும் வெளுத்த சாம்பல் கலர். எல்லாம் முடிச்சு அக்ரிலிக் மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து ரெண்டு நாள் விடுங்க.

இனிமேத்தான் அழுக்கு. முதல்ல பர்ன்ட் அம்பர்ங்கற கரும்பழுப்பு ஆயில் பெயிண்டையும் துளி கறுப்பையும் டர்பன்டைன்ல டீத்தண்ணி மாதிரி கரைச்சு ரிவெட், மூட்டு, பைப் இடுக்குல மட்டும் ஓட விடுங்க, வழிஞ்சதை டர்பன்டைன் தொட்ட பிரஷால மேலேர்ந்து கீழ இழுங்க.

அடுத்து தண்ணிக் கறை, எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. பாய்லருக்குள்ள தண்ணி தள்ளுற இன்ஜெக்டர் வழிஞ்ச எடம், பாய்லர் கழுவுற பிளக், சேஃப்டி வால்வு, விசில், இங்கெல்லாம் உப்புத்தண்ணி வழிஞ்சு ஆவியாகி வெள்ளைக் கோடு நிக்கும். வெள்ளை பெயிண்ட் அடிச்சா பெயிண்டாவே தெரியும், நம்ம வீட்டு வெத்தலைச் சுண்ணாம்பை தண்ணியா கரைச்சு மெல்லிசு பிரஷால இழுங்க. சுண்ணாம்பு காத்துல காயும்போது கால்சியம் கார்பனேட்டா மாறும், பாய்லர்ல படியற உப்புலயும் பெரும்பங்கு அதேதான், அதனாலதான் அவ்வளவு நெசமா இருக்கு. ஈரமா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, காய்ஞ்சா பளிச்னு வெளுக்கும், அதனால ஒரு தடவை இழுத்து முழுசா காய விட்டு பாத்துட்டு அடுத்தது. எனாமல் பெயிண்ட் மேல நேரா வச்சிராதீங்க, சுண்ணாம்பு அதை அரிக்கும், அதுக்குத்தான் நடுவுல அக்ரிலிக் வார்னிஷ்.

புகைக்கரி மேல மட்டும், சிம்னிக்கு பின்னாடி பாய்லர் முதுகு, கேப் கூரை. சாம்பல் கரி எரியற ஃபயர்பாக்ஸுக்கு அடியிலயும் ஸ்மோக்பாக்ஸ் கதவுக்கு கீழயும், அந்த கதவு அடில சாம்பலும் ஈரமும் சேர்ற எடத்துல கொஞ்சம் துரு வரலாம், நெசமான துருவுக்கு அதுதான் எடம்.

அப்புறம் நம்ம செம்மண். மண்ணை அள்ளி அப்படியே தூவாதீங்க, 0.1 மில்லிமீட்டர் மணல் இந்த ஸ்கேல்ல ரெண்டே கால் மில்லிமீட்டர் கல்லு. ஒரு கை மண்ணை தண்ணில கலக்கி ஒரு நிமிஷம் விட்டு, மேல நிக்கிற சேத்துத் தண்ணிய மட்டும் வேற பாத்திரத்துல ஊத்தி ராத்திரி பூரா தெளிய விட்டு, அடில படிஞ்சதை காய வச்சு பழைய வேட்டித் துணில சலிச்சா மைதா மாதிரி வரும். செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கறதும் இரும்புத் துருதான், அதனால துரு வச்ச எடத்தை கறுத்த பழுப்பா வச்சுக்கங்க, இல்லன்னா ரெண்டும் ஒண்ணா கலந்து தெரியும். சக்கரம், பிரேக், டெண்டர் அடிப்பக்கம் இங்க அதிகம், மேல போகப் போக கம்மி, பாய்லர் பக்கவாட்டுல நடக்கறதுக்கு இருக்கற ரன்னிங் போர்டுக்கு மேல ஒரு மூச்சு தூசி போதும். ராடுல பொடியா தூவக்கூடாது, அங்க எண்ணெய் இருக்கும், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்புக் களியா ஆயிரும், அதனால பளபளப்பு வார்னிஷ்ல துளி மண்ணும் கறுப்பும் கலந்து ராடு மூட்டுகளைச் சுத்தி மட்டும் வைங்க, ராடோட முகத்தை துடைச்சு இரும்பு தெரிய விடுங்க. சக்கரம் தண்டவாளத்துல படுற வட்டமும் அப்படியே வெள்ளி மாதிரி இருக்கணும்.

டெண்டருக்கு அடுப்புக்கரி போடாதீங்க, அதுல மினுமினுப்பே இருக்காது. கொல்லுப்பட்டறைல நிலக்கரி கொஞ்சம் கேட்டு வாங்கி உடைச்சு, பெருசும் சின்னதும் கலந்து, தண்ணி விட்ட ஃபெவிகால்ல ஒரு சொட்டு சோப்பு சேர்த்து ஊத்தினா நிக்கும்.

கடைசில காட்டன் வேஸ்ட் கொஞ்சம் எடுத்துக்கங்க. டிரைவர் புடிச்சு ஏறுற கைப்பிடி, அவர் முழங்கை வைக்கிற ஜன்னல் விளிம்பு, இங்கெல்லாம் தூசிய துடைச்சு லேசா மினுக்குங்க. முடிஞ்சதும் காலை வெயில் சாய்ஞ்சு விழும்போது வளவுல (வீட்டு முற்றத்துல) வச்சு பாருங்க, அதிகமான எடம் எல்லாம் தெரியும், அங்க துடைங்க. நம்பர் பிளேட்டை மட்டும் முழுசா துடைச்சிருங்க. மத்தது எவ்வளவு அழுக்கா இருந்தாலும் நம்பர் தெரியாம வண்டி ஷெட்டை விட்டு கிளம்பாதுன்னு பெரியப்பா சொல்லுவாரு.