புது மெஷினுக்கு கொட்டேஷன் கேட்கும் முன் பட்டறையில் பார்க்க வேண்டியவை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர், துமகூரு ரோட்டில் இம்டெக்ஸ் என்ற இயந்திரக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு சென்சார், டேஷ்போர்டு என்று கொட்டேஷன் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, அவற்றுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். காற்றை யாரும் எடுக்காதபோது, டேங்க் நிரம்பியதும் அது அன்லோடுக்குப் போய், அதாவது காற்றை அழுத்துவதை நிறுத்தி, அப்படியே நிற்க வேண்டும். அப்படி இல்லாமல் ஒன்றரை நிமிடம் லோடு (காற்றை அழுத்தும் நேரம்), மூன்று நிமிடம் அன்லோடு என்று மாறி மாறி ஓடினால், அது கொடுக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிப் போகிறது. சரியாகப் பராமரிக்காத பட்டறைகளில் 20, 30 சதவீதம் ஒழுகுவது ரொம்ப சாதாரணம், அத்தனையும் பெஸ்காம் கரன்ட் பில்லில்தான் வந்து விழுகிறது.

ஆனால் 'காற்று பத்தவில்லை' என்று யாராவது சொன்னதும் பலர் செய்வது பிரஷர் செட்டிங்கை ஏற்றுவது. ஒரு பார் (காற்றழுத்த அளவு) ஏற்றினால் மின்சாரச் செலவு 6, 7 சதவீதம் கூடும், ஓட்டையிலும் இன்னும் வேகமாக ஒழுகும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவதற்கு முன் ஆபரேட்டர்களைக் கேளுங்கள். நான் மெயின்டனன்ஸ் பார்த்த ஒரு பட்டறையில், நைட் ஷிஃப்டில் இருந்த தருமபுரிப் பையன் ஒருவன் "மூணாம் நம்பர் மெஷின் பின்னாடி உஸ்ஸுன்னு சத்தம் வருதுண்ணே" என்றான். பகல் இரைச்சலில் எங்கள் யார் காதிலும் விழாத சத்தம் அது. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி ஹோஸ் கப்ளிங்கில் தடவினோம், நுரை உள்ளங்கை அளவுக்குப் பொங்கியது. அவன் மாதக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், நாங்கள் யாரும் அவனிடம் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மெஷின் ஏன் நின்றது என்று பதிவு செய்ய டேப்லெட் வைக்கிறீர்களா, நல்லது. ஆனால் காரணங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தால், ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். கன்னடம், தமிழ், இந்தி என்று அவர்கள் படிக்கிற மொழியில் போடுங்கள். உண்மையைப் பதிவு செய்தவருக்கே இன்சென்டிவ் வெட்டினால் அப்புறம் உங்களுக்குக் கிடைப்பது முழுக்கப் பொய்க் கணக்குதான்.

கடைசியாக, மெஷினில் உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட். பழையதைச் சாக்கடையில் கொட்டவே கொட்டாதீர்கள், எண்ணெய் கலந்த கூலண்ட் 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அபாயகரமான கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பீன்யா நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும், அந்தத் தண்ணீரை நம்பித்தான் பக்கத்துத் தெருக்களில் குடும்பங்கள் இருந்தன. அடிக்கடி கொட்ட வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்: ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியில் தினமும் கூலண்டின் அடர்த்தி பாருங்கள், மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். திங்கள்கிழமை காலை வரும் அந்த அழுகல் நாற்றம், லீவு நாளில் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் காற்றில்லாமல் பெருகும் பாக்டீரியாவால் வருவது. ஞாயிறு லீக் பார்க்க வரும்போது கையோடு அந்த எண்ணெய்ப் படலத்தையும் வழித்து எடுத்துவிடலாம்.