கடன்காரரும் விவாகரத்து வழக்கும்: குடும்ப டிரஸ்ட் பத்திரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் புதிதாகத் தொழில் தொடங்கிய வழக்கறிஞர்கள் என் பார்வைக்கு அனுப்பும் குடும்ப டிரஸ்ட் பத்திரங்களில், எங்கள் தலைமுறை இளம் வயதில் எழுதிய பிழைகள் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கின்றன. முத்திரைத்தாள், பதிவு, சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றைப் பத்திர எழுத்தரே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். டிரஸ்ட் சொத்தின் பலனைப் பெறுபவரே பயனாளி; அவருக்குக் கடன் கொடுத்தவரோ (இங்கே கடன்காரர் என்பது அவரைத்தான்), அவரிடமிருந்து பிரியும் கணவனோ மனைவியோ டிரஸ்ட் சொத்தைத் தொட முடியுமா என்பதை மட்டும் பார்ப்போம்.

“நொடித்துப்போனால் பங்கு ஒழியும்” என்ற ஷரத்து

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகத் தொழில் நடத்திய ஒருவர், தம் வாடகைக் கட்டடத்தை டிரஸ்டில் வைத்து, மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று எழுதச் சொன்னார். “பையன் கையில் எதுவும் நிற்காது சார்” என்று அவர் சொன்னதைக் கேட்ட வழக்கறிஞர், வெளிநாட்டு மாதிரிப் பத்திரம் ஒன்றிலிருந்து ஒரு ஷரத்தை எடுத்துச் சேர்த்தார். பயனாளி எவரேனும் நொடித்துப்போனாலோ, தம் பங்கை விற்க முற்பட்டாலோ, அப்போதே அவருடைய உரிமை முடிந்துவிடும் என்பது அதன் சாரம்.

இங்கிலாந்தில் இத்தகைய ஏற்பாட்டுக்கு 1925-ஆம் ஆண்டின் டிரஸ்டிகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. நம் சொத்து மாற்றுச் சட்டம், 1882 அதற்கு நேர்மாறானது. ஒருவருடைய நலனுக்காகத் தரப்பட்ட உரிமை, அவர் நொடித்துப்போனாலோ அதைக் கைமாற்ற முயன்றாலோ ஒழிந்துவிடும் என்ற நிபந்தனை செல்லாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது; குத்தகை விட்டவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. விற்கவே கூடாது என்ற முழுத்தடையும் 10-ஆம் பிரிவின்படி நிற்காது. ஷரத்து விழுந்துவிட, மகனின் பாதி மட்டும் எந்த நிபந்தனையுமின்றி எஞ்சி நிற்கிறது. பயனாளி தம் உரிமையைக் கைமாற்றலாம் என்று டிரஸ்டுகள் சட்டத்தின் 58-ஆம் பிரிவும், கடனாளிக்காகப் பிறர் டிரஸ்டாக வைத்திருக்கும் சொத்தையும் ஜப்தி செய்யலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் சொல்வதால், மகன்மீது டிக்ரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை, பெற்ற கடன்காரர் வாடகையில் மகனுக்குச் சேர வேண்டிய பாதியை ஜப்தி செய்தார்.

பங்கைக் கொடுத்துவிட்டுப் பறிப்பதாக எழுதுவது பாதுகாப்பாகாது; தொடக்கத்திலேயே நிலையான பங்கு கொடுக்காமல் இருக்க வேண்டும். மகன், மகள், பேரக்குழந்தைகள் ஆகிய அனைவரையும் பயனாளிகளாக்கி, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை, சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் விருப்புரிமைக்கு விட்டால், அவர்கள் முடிவெடுக்கும் வரை மகனிடம் இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற நிலையிலுள்ள உரிமைக்கு அதே 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கு அளிக்கிறது. இத்தகைய டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கட்சிக்காரரிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலான தந்தையர் தயங்குவது வரிக்காக அல்ல, நாளை மகள் சண்டைக்கு வருவாளோ என்ற பயத்தால்தான். சதவீதத்தைப் பத்திரத்தில் எழுதாமல், டிரஸ்டிகளைக் கட்டுப்படுத்தாத ஒரு விருப்பக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தத் தவறைப் பின்னால் சரிசெய்வது எளிதன்று. பங்கை மாற்ற மகனின் சம்மதம் வேண்டும். கடன் தலைக்கு மேல் போன பிறகு அவர் கொடுக்கும் சம்மதமே, கடன்காரரை ஏய்க்கச் செய்த சொத்து மாற்றம் என்று வழக்குக்கு உள்ளாகும்.

சம்மன் வந்த பிறகு டிரஸ்ட்

வேண்டாம். கடன்காரரை ஏய்க்கச் செய்யும் மாற்றத்தைத் தடுக்கவே சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இருக்கிறது.

தந்தையின் ஜாமீன் கையெழுத்தை மறப்பது

மகனின் கடன்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். வங்கிக் கடனுக்குத் தந்தையும் தாயும் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருப்பது கடைசியில்தான் தெரியவரும். அப்போது சொத்தை எழுதி வைப்பவரே கடனாளி. மூலப் பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் வைக்கும் முறைக்குச் சொத்து மாற்றுச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஊர்களில் மதராஸும் ஒன்று என்பதால், மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பக் கூடாது. நிறுவனங்களுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்கள் மீது 1.12.2019 முதல் திவால் சட்டத்தின்கீழ் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். சென்னைக்குப் பொருந்தும் 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர்கள் நொடிப்புச் சட்டமோ, நொடித்தவராக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் விலை பெறாமல் செய்த சொத்து மாற்றங்களைச் செல்லாதவையாக்க வழி வைத்திருக்கிறது.

மருமகளுக்கு எதிராக டிரஸ்ட் எழுதுவது

மணமுறிவில் சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் விதி இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் கேட்பது ஜீவனாம்சம் கொடுக்கும் சக்தியை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. டிரஸ்டிலிருந்து தொடர்ந்து வரும் பணம் அங்கே கேள்விக்கு உள்ளாகும். மருமகளின் நகைகளை டிரஸ்ட் அட்டவணையில் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சீதனம் அவருக்கே உரியது. அவர் குடியிருக்கும் வீட்டில் வசிக்கும் உரிமை குடும்ப வன்முறைச் சட்டம், 2005 தரும் உரிமை; பத்திரத்தில் கணவன் பெயர் இல்லை என்பதால் மட்டும் அது போய்விடாது.

பூர்வீகச் சொத்து

தந்தைக்கு மட்டும் உரியதல்லாததை அவர் தனியாக எழுதி வைக்க முடியாது.

மகனே ஒரே பயனாளி

டிரஸ்டுகள் சட்டம், 56-ஆம் பிரிவு: வயது வந்த ஒரே பயனாளி கேட்டால் சொத்தை அவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மாதாமாதம் ஒரே தொகை

விருப்புரிமை டிரஸ்டை நன்றாக எழுதிவிட்டு, மகனின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் சம்பளம் போலப் பணம் போடும் டிரஸ்டிகள் அந்தப் பத்திரத்தைத் தாங்களே பலவீனமாக்குகிறார்கள். கணக்கில் விழுந்த பணம் மகனுடையது. கடன்காரர் அதை ஜப்தி செய்யலாம். பேரனின் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கும், மருத்துவச் செலவை மருத்துவமனைக்கும் டிரஸ்ட் கணக்கிலிருந்தே செலுத்தி, ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.