மலை வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்களா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் முன்கதவுக்குப் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். சரிவில் கட்டிய வீடுகளில் பின்சுவரை ஒட்டியே மேடு இருக்கும்; அங்கிருந்து தகரக் கூரையில் கால் வைப்பது எளிது. ஈரத்தில் ஊறிய மரச் சட்டம் உளுத்திருந்தால், எவ்வளவு நல்ல தாழ்ப்பாளும் ஒரே நெம்பலில் திருகாணியோடு வந்துவிடும். சமையலறைக் கதவையும் குளியலறை ஜன்னலையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் சட்டத்தைச் சரிசெய்த பிறகே கிளம்புங்கள்.

வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே சொல்லும். கதவுக்குள் பதிந்த பூட்டுதான் நல்லது. பகலெல்லாம் எரியும் வாசல் விளக்கும் அப்படியே காட்டிக்கொடுக்கும். இருட்டினால் தானே எரியும் சென்சார் பல்பு போடுங்கள். மூடுபனிப் பகலில் எரிந்தாலும் பரவாயில்லை, அப்போது எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்.

கேமரா இருக்கிறதா? ஜூன், ஜூலை மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். கேமராவுக்கு மட்டுமல்ல, வைஃபை ரௌட்டருக்கும் பேட்டரி பேக்கப் வேண்டும்.

நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். பால், பேப்பரை நிறுத்துங்கள். போகும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் செல்போன் எண் மூன்றையும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரோந்து வரும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்து ஸ்டேட்டஸில் போடலாம்.

எண்ணெய், வெல்லம், பழம் எதையும் விட்டுச் செல்லாதீர்கள். வாசனைக்குக் கரடி வந்து கதவை உடைத்தால், அதே வழியில் திருடனும் நுழையலாம்.