திருமலைப் பட்டறையிலிருந்து ஒன்ராறியோவுக்கு: சி.என்.சி. தொழில் தெரிந்து வருபவர்களுக்கு

திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், கணினிக் கட்டளையால் உலோகத்தை வெட்டிக் கடையும் சி.என்.சி. மெஷினில் பல வருடம் நின்றுவிட்டுக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே திரும்ப அடியிலிருந்து தொடங்க வேணுமா? தேவையில்லை. சீனக்குடா ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வேலை செய்தவர், வரைபடமே இல்லாமல் தேய்ந்துபோன ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஒன்றைக் கையில் வாங்கி, அது புதிதாக இருந்தபோது என்ன அளவு இருந்திருக்கும் என்று கணித்து, அது சுழலும் உறையான புஷ்ஷையும் சேர்த்துக் கடைந்து பொருத்திக் கொடுத்தவர். ஒரே பார்ட்டை ஆயிரக்கணக்கில் ஓட்டி மட்டும் பழகியவருக்கு அது வராது. அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆனால் இங்குள்ள பிரிசிஷன் (மிக நுணுக்கமான அளவில் பாகம் செய்யும்) கம்பனிகள் வேறு சிலதையும் கேட்கும், அவற்றை வருமுன்பே பழகிவிடலாம்.

புறப்படுமுன் முதலாளியிடம் கடிதம் வாங்குங்கள். 'இவர் இங்கு வேலை செய்தார், நல்லவர்' என்ற கடிதம் ஒன்றுக்கும் உதவாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன மெஷின், எந்தக் கொன்ட்ரோல் (மெஷினை இயக்கும் கணினி), செட்டிங் (கருவியையும் பாகத்தையும் பொருத்தி மெஷினைத் தயார் செய்வது) செய்தாரா, புரோகிராம் எழுதினாரா, என்ன உலோகம், எவ்வளவு நுணுக்கம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழின் மூலப் பிரதி, நைட்டா (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) பயிற்சிப் பத்திரம் எது இருந்தாலும் கையோடு கொண்டு வாருங்கள். செய்த பாகங்களின் படங்கள் போனில் இருந்தால் நல்லது, வாடிக்கையாளரின் வரைபடத்தைப் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டுவது மட்டும் வேண்டாம், இங்கே அதைப் பார்த்ததும் 'நாளைக்கு எங்கள் வரைபடத்தையும் இப்படித்தான் காட்டுவார்' என்றுதான் நினைப்பார்கள்.

இனி வரைபடம். கை தேர்ந்தவர்களே தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாகத்தின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறைதான் எறியம், வட அமெரிக்காவில் அது மூன்றாம் கோண எறியம். நீங்கள் முதற்கோண எறியத்தில் பழகியவர் என்றால் மேல்தோற்றம் கீழே இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள், இங்கே அது மேலேயே இருக்கும், வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே இருக்கும். சமச்சீரான பாகத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் துளை உள்ள பாகத்தில் துளை மறுபக்கம் போய்விடும், பாகம் குப்பைக்குப் போகும். வரைபடத்தின் மூலையில் உள்ள கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலை தொடங்க வேண்டாம்.

அடுத்தது அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கணக்குப் போட்டு மாற்றுவது போதாது, அங்குலத்திலேயே யோசிக்கப் பழக வேண்டும். 'தவ்' என்றால் ஆயிரத்தில் ஒரு அங்குலம், 0.0254 மி.மீ. சூப்பர்வைசர் 'டூ டென்த்ஸ் எடு' என்றால் ஒரு தவ்வில் பத்தில் இரண்டு, 0.0002 அங்குலம், ஏறத்தாழ 5 மைக்ரோன் (மைக்ரோன் என்றால் ஆயிரத்தில் ஒரு மி.மீ.). மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் குறியில் 63 என்று இருந்தால் அது மைக்ரோ அங்குலம், நமக்குப் பழகிய 1.6 மைக்ரோன் தான். 32 என்றால் 0.8.

இதைவிட முக்கியமானது தசம இடம். நாம் பழகிய மெட்ரிக் வரைபடத்தில் பொதுவாக ஐ.எஸ்.ஓ. 2768 என்ற சர்வதேசத் தரநிலையைச் சொல்லி ஒரு வரி இருக்கும், அதன்படி டொலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற எல்லை) அளவின் பருமனைப் பொறுத்து மாறும். இங்கே பெரும்பாலான வரைபடங்களில் டொலரன்ஸை முடிவு செய்வது எத்தனை தசமம் எழுதியிருக்கிறது என்பதுதான். தலைப்புப் பெட்டியில் இரண்டு தசமத்துக்கு ±0.01 அங்குலம், மூன்று தசமத்துக்கு ±0.005 அங்குலம் என்ற மாதிரிப் போட்டிருப்பார்கள். ஆகவே 1.50 வேறு, 1.500 வேறு. கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் பிழையான டொலரன்ஸுக்கு வேலை செய்வார்.

மரையிலும் (திருகின் புரியிலும்) கவனம். 1/4-20 என்றால் கால் அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை, அதற்கு முதலில் துளை போட 7ஆம் நம்பர் டிரில், அதாவது 0.201 அங்குலம். நம்பர் டிரில், எழுத்து டிரில் அட்டவணை ஒன்றை அச்சடித்துப் பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள், எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கொன்ட்ரோல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஃபானுக் தெரிந்தால் ஹாஸ் சீக்கிரம் பிடிபடும், மசாட்ரோலுக்குக் கொஞ்ச நாள் வேண்டும். ஜி 20 என்ற கட்டளை அங்குலம், ஜி 21 மி.மீ., புரோகிராமின் தலைப்பில் எது இருக்கிறது என்று பாருங்கள். தசமப் புள்ளி வைக்காமல் எக்ஸ் 1 என்று அடித்தால் செட்டிங்கைப் பொறுத்து அது ஓர் அங்குலமாகவும் இருக்கலாம், பத்தாயிரத்தில் ஒரு அங்குலமாகவும் இருக்கலாம், எப்போதும் புள்ளி வையுங்கள்.

அளப்பது அடுத்தது. அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். திருமலை வெயிலில் 32 பாகையில் பட்டறை, ஷாஃப்ட், மைக்ரோமீட்டர் எல்லாம் ஒன்றாகச் சூடாகி நிற்கும், உருக்கை உருக்கால் அளக்கும்போது பிழை பெரும்பாலும் வெளியே தெரியாது. இங்கே மெஷினிலிருந்து சூடாக எடுத்த 200 மி.மீ. அலுமினியப் பாகம் 10 பாகை அதிகமாக இருந்தால் ஏறக்குறைய 0.046 மி.மீ. நீண்டிருக்கும், அதை அப்படியே அளந்து ஓஃப்செட் (மெஷினில் போடும் அளவுத் திருத்தம்) மாற்றினால், ஆறிய பிறகு குளிரூட்டிய அறையில் சி.எம்.எம். என்ற அளக்கும் மெஷின் வேறு கதை சொல்லும். ஆற விடுங்கள். அளந்ததைத் தாளில் எழுதுங்கள். விமானப் பாகம் செய்யும் இடங்களில் முதல் பாகத்துக்கு ஏ.எஸ். 9102 என்ற விமானத் துறைத் தரநிலையின் முறையில், வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் இலக்கம் போட்டுப் பதிவு செய்வார்கள். 'சரியாக வந்திருக்கு' என்று வாயால் சொல்வது அங்கே ஒரு பதிலே இல்லை.

வேலை தேடும்போது வேலையின் பெயரைப் பாருங்கள். இது உங்கள் வதிவிட உரிமையையே பாதிக்கலாம். மெஷினிஸ்ட் என்பது கனடாவின் தொழில் வகைப்பாட்டில் 72100, திறன் படி 2 (எண் கூடினால் படி கீழே). மெஷினில் பாகத்தை வைத்து எடுக்கும் ஒபரேட்டர் 94106, படி 4. கனடிய அனுபவ வகுப்பில் (இங்கு வேலை செய்த அனுபவத்தால் நிரந்தர வதிவிடம் கேட்கும் வழி) விண்ணப்பிக்கப் படி 0 முதல் 3 வரையான வேலைதான் கணக்கில் வரும். தற்காலிக அனுமதியில் இருப்பவர் அவசரத்துக்கு ஒபரேட்டராகச் சேர்ந்து, கடிதத்திலும் அப்படியே இருந்தால், அந்தக் காலம் அந்த வகுப்பில் உதவாது. பெயரை மட்டும் மாற்றி எழுதி வாங்கினாலும் சரிவராது, உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே நேர்முகத்திலேயே கேளுங்கள்: செட்டிங் நான் செய்வேனா, புரோகிராம் திருத்த விடுவீர்களா?

பல இடங்களில் நேர்முகத்தின்போது ஒரு வரைபடமும் மைக்ரோமீட்டரும் தருவார்கள். ஸ்பிண்டில் வேகமும் (மெஷின் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதும்) கேட்பார்கள். இங்கே சூத்திரம் 3.82 பெருக்கல் நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வெட்டு வேகம், வகுத்தல் அங்குல விட்டம். அரை அங்குல எண்ட்மில் என்ற வெட்டுக் கருவிக்கு 300 அடி என்றால் நிமிடத்துக்கு 2292 சுற்று. ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் எதிரில் இருப்பவருக்கு உங்களைப் புரிந்துவிடும்.

'கனடிய அனுபவம் வேண்டும்' என்று விளம்பரம் போடுவது, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி முதல் தடை. வேலை எடுத்துத் தர உங்களிடம் காசு வாங்குவதும் சட்டப்படி குற்றம், தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு 2024 ஜூலையிலிருந்து உரிமமும் கட்டாயம். ஊரில் நகையை அடகு வைத்து யாருக்காவது கொடுக்க யோசிப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், முகவரின் உரிமத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். பாதுகாப்புத் துறைப் பாகம் செய்யும் கம்பனிகள் பின்னணி சோதனை செய்வார்கள், தற்காலிக அனுமதியில் இருப்பவருக்குத் தனி விண்ணப்பமும் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, முன்பு இருந்த முகவரிகளை எழுதி வையுங்கள்.

கருவிகளை நாமே வைத்திருப்பது இங்கே வழக்கம். ஆறு அங்குலக் கலிப்பர், ஒரு அங்குல மைக்ரோமீட்டர், டயல் இண்டிகேட்டர், எட்ஜ் ஃபைண்டர், அங்குலம், மி.மீ. இரண்டிலும் அலன் கீயும். பழையது வாங்கினாலும் போதும். புதிதாக வாங்கியதன் ரசீதை எறியாதீர்கள், முதலாளி படிவம் கையெழுத்திட்டால் வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து 1000 டொலர் வரை கருவிக் கழிவு எடுக்கலாம், பழையதுக்கு அது கிடையாது. பாதுகாப்புச் சப்பாத்தில் தரத்தைக் காட்டும் பச்சை முக்கோணக் குறி இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் ஜெனரல் மெஷினிஸ்ட், 429ஏ, சான்றிதழ் கட்டாயமில்லாத தொழில், இல்லாமலும் வேலை செய்யலாம். ஆனால் எடுத்து வைத்தால் சம்பளம் பேசும்போது நிமிர்ந்து பேசலாம். ஊரில் செய்த வேலையைக் கடிதத்தால் நிரூபித்து, ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாணத் தொழிற்சான்றிதழ் அமைப்பில் சமநிலை மதிப்பீடு (ஊர் அனுபவம் இங்குள்ள பயிற்சிக்கு ஈடு என்ற மதிப்பீடு) பெற்று, நேரே பரீட்சை எழுதலாம், 70 வீதம் எடுத்தால் சித்தி, கனடா முழுவதும் ஏற்கும் றெட் சீல் முத்திரையும் அதிலேயே கிடைக்கும். அந்தக் கடிதத்தை விரிவாக வாங்கச் சொன்னது இதற்கும்தான்.

வீடு எடுப்பதை மட்டும் அவசரப்படாதீர்கள். சொந்தக்காரர் ஸ்காபரோவில் இருப்பார், வேலையோ மிசிசாகா, வாகன், கேம்பிரிட்ஜ் போன்ற தூர நகரங்களில் கிடைக்கும், இரண்டாம் ஷிஃப்ட் நள்ளிரவில் முடியும்போது பஸ் கிடைப்பது கஷ்டம். முதலில் அறை ஒன்றில் இருந்துகொண்டு வேலையைப் பிடியுங்கள், ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தை அப்புறம் போடலாம்.